வீ

இலக்கியக் கூட்டத்தில் உயிரணுக்களின் சாவைப் பற்றி நான் பேச வந்ததற்குக் காரணம் ஒரு சொல்.

காயம் பட்ட உயிரணு வீங்கி வெடித்துச் சாகும் என்பது பழைய செய்தி. 1960களில் ஜான் கெர் கண்டது வேறு. எலியின் கல்லீரலுக்குச் செல்லும் சிரையின் கிளையைக் கட்டிவிட்டுப் பார்த்தபோது, சில அணுக்கள் சுருங்கித் துண்டுகளாகி, பக்கத்து அணுக்களால் விழுங்கப்பட்டு மறைந்தன. அழற்சியே இல்லை. 1972இல் ஆண்ட்ரூ வைலி, அலஸ்டர் கரியுடன் சேர்ந்து இதைக் கட்டுரையாக்கினார். பெயர் தந்தவர் அபர்டீனின் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக்: அப்போப்டோசிஸ். இலையோ இதழோ உதிர்தல். நம்மிடம் உதிரும் பூவுக்கு 'வீ' என்று பெயர். வினையாக வந்தால் சாதல். இவ்வளவு பொருத்தமான சொல் கிரேக்கத்தில்கூட இல்லை என்பேன்.

உதிர்வதற்கும் ஆணை வேண்டும். ஒரு சிறு புழுவின் வளர்ச்சியில் உருவாகும் 1090 அணுக்களில் சரியாக 131 சாகின்றன. அந்த ஆணையை இடும் மரபணுக்களை ராபர்ட் ஹார்விட்ஸ் கண்டறிந்தார். 2002இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். புழுவிடம் இருக்கும் வெட்டும் நொதியின் உறவுகள், காஸ்பேஸ்கள், நம் அணுக்களிலும் இருக்கின்றன.

இனி நம் நெஞ்சுக்கு வருவோம். தமனிச் சுவரின் மென்தசை அணுக்கள் பெருகுவதே அடைப்பின் முக்கிய நிகழ்வு என்று 1973இல் ரஸ்ஸல் ராஸும் ஜான் குளோம்செட்டும் எழுதினார்கள். நெடுங்காலம் அந்த அணுதான் குற்றவாளிக் கூண்டில் நின்றது. ஆனால் கொழுப்புப் படிவின் மேல் கொலாஜன் நாரால் மூடி நெய்து வைத்திருப்பதும் அதுவே. மூடி கிழிந்தால் இரத்தம் உறையும், மாரடைப்பு. 1995இல் மார்ட்டின் பென்னட் குழு, படிவிலிருந்து எடுத்த மென்தசை அணுக்கள் மற்றவற்றைவிட எளிதில் சாவதைக் காட்டியது. 2006இல் அவர் குழு எலிகளில் இந்த அணுக்களை மட்டும் சாகவைத்துப் பார்த்தது. நலமான தமனி பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. படிவுள்ள தமனியிலோ மூடி மெலிந்தது, கொலாஜன் குறைந்தது, அழற்சி மூண்டது. கெர் கண்ட அமைதியான சாவு அங்கே நடக்கவில்லை. உதிர்ந்ததைக் கூட்டியள்ள வேண்டிய விழுங்கணுக்கள் கொழுப்பைத் தின்று திணறிக் கிடக்க, அள்ளப்படாத பிணங்கள் அழுகிச் சுற்றுப்புறத்தைக் கெடுக்கின்றன.

ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் இந்த நேரலையில் இருக்கலாம். அதன் கம்பி மேல் பூசியிருக்கும் மருந்து, இதே மென்தசை அணு பெருகி வழியை மறுபடி அடைக்காதிருக்கத்தான். அதே ஆளின் இன்னொரு தமனியில், ஒரு படிவின் மெல்லிய மூடியை அந்த அணுக்களே பிடித்துக்கொண்டிருக்கும்.