நிலுவையில் ஒரு ரீஸ்டார்ட்

கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தால், "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க தாத்தா" என்று பேரப்பிள்ளைகள் சொல்கிறார்கள். எளிய வைத்தியம்தான். ஆனால் செய்ய வேண்டிய நேரத்தில் அதைச் செய்யாமல் விட்டதால் உயிர்கள் போன வரலாறும் உண்டு.

இதை ஆங்கிலத்தில் 'ரீபூட்' என்கிறார்கள். பூட்ஸின் பின்புறப் பட்டையைத் தானே பிடித்து இழுத்து எழுந்து நிற்பது என்ற வேடிக்கையிலிருந்து பிறந்த சொல். என்னைப் போல் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அது 'ரெதெமாரே'. 'தெமாரே' என்பது கப்பல்காரர்களின் பழைய சொல். கட்டிய கயிற்றை அவிழ்த்துப் புறப்படுவது.

1991 வளைகுடாப் போருக்கு வருவோம். சவூதி அரேபியாவின் தஹ்ரானில், ஈராக்கின் ஸ்கட் ஏவுகணைகளைத் தடுக்க அமெரிக்கர்கள் பேட்ரியட் என்ற எதிர் ஏவுகணையை நிறுத்தியிருந்தார்கள். அதன் கம்ப்யூட்டர் நேரத்தைப் பத்தில் ஒரு வினாடியாக எண்ணியது. அந்தப் பத்தில் ஒன்றை அதன் கணக்கு முறையில் துல்லியமாக எழுத முடியாது. கடைசியில் ஒரு துளி விட்டுப்போகும். சில மணி நேரம் ஓடினால் பாதகமில்லை. தஹ்ரானிலோ 100 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடியது. துளித்துளியாகச் சேர்ந்த பிழை 0.34 வினாடி. அதற்குள் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும்.

பிப்ரவரி 25 இரவு ஸ்கட் வந்தது. பேட்ரியட் தவறான இடத்தில் தேடி, ஒன்றுமில்லை என்று முடிவு செய்து சும்மா இருந்தது. அமெரிக்க வீரர்கள் 28 பேர் இறந்தார்கள்.

எழுத்தராக வேலை பார்த்த எனக்கு இதில் உறுத்துவது ஒரு கடிதம். கோளாறை இஸ்ரேலியர்கள் பிப்ரவரி 11-ஆம் தேதியே கண்டு சொல்லிவிட்டார்கள். 21-ஆம் தேதி சுற்றறிக்கையும் போனது: மிக நீண்ட நேரம் ஓட்டினால் குறி விலகலாம் என்று. 'மிக நீண்ட நேரம்' என்றால் எத்தனை மணி? அது எழுதப்படவில்லை. நிறுத்தித் திரும்ப ஓட்ட ஒன்றரை நிமிடம் போதும்; கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்திருக்கும். திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது 26-ஆம் தேதி.

2004 செப்டம்பர் 14, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பாம்டேல் விமானக் கட்டுப்பாட்டு மையம். விமானிகளோடு பேசும் அமைப்பின் கம்ப்யூட்டரில் மில்லிவினாடிகளை எண்ணும் கணக்கு ஏறத்தாழ 49.7 நாளில் தீர்ந்துவிடும். அதனால் 30 நாளுக்கு ஒருமுறை கையால் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று விதி இருந்தது. ஒரு தடவை விட்டுப்போனது. மாலையில் அமைப்பு தானே நின்றது. மாற்று ஏற்பாடும் கைகொடுக்கவில்லை. வானத்தில் 400 விமானங்கள். ஊழியர்கள் சொந்த செல்போனில் மற்ற மையங்களை அழைத்துச் சமாளித்தார்கள். சில விமானங்கள் ஆபத்தான அளவுக்கு நெருங்கின, நல்லவேளை, மோதவில்லை.

இன்றைய டேட்டா சென்டர்களில் 'பிளேடு சர்வர்' என்று ஒன்று உண்டு. அலமாரியில் புத்தகங்களைச் செருகியது போல் ஒரே பெட்டியில் பல கம்ப்யூட்டர்கள்; மின்சாரமும் விசிறியும் பொது. 2001-இல் ஆர்.எல்.எக்ஸ் டெக்னாலஜிஸ் ஐந்தேகால் அங்குல உயரப் பெட்டியில் 24 கம்ப்யூட்டர்களை அடுக்கியது. 2009-இல் சிஸ்கோ கொண்டுவந்த யு.சி.எஸ் முறையில், பல பிளேடுகளின் அமைப்பை ஒரே மாதிரிப் படிவத்திலிருந்து எடுக்கலாம். வசதிதான். ஆனால் அந்தப் படிவத்தில் ஒருவர் ஒரு வரியை மாற்றினால், அதைச் சார்ந்த எல்லா பிளேடுகளுக்கும் ரீஸ்டார்ட் தேவைப்படலாம். முன்கூட்டி 'என் ஒப்புதல் வேண்டும்' என்று அமைத்திருந்தால் அது நிலுவைப் பட்டியலில் காத்திருக்கும். 'உடனே' என்று இருந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் விழுந்து எழும்.

எதிர்பாராத நிலுவையைக் கண்டால் விவரம் தெரிந்தவர்கள் அவசரப்பட்டு ஒப்புதல் தருவதில்லை. என்ன மாற்றம் காத்திருக்கிறது, யார் எப்போது செய்தார் என்று பதிவேட்டில் பார்க்கிறார்கள். பிறகு ஒரு பிளேடின் வேலையை இன்னொன்றுக்கு மாற்றிவிட்டு, ஒவ்வொன்றாக ரீஸ்டார்ட் செய்கிறார்கள்.

நண்பர்களே, நிலுவைக் கோப்பு என்றாலே நமக்கெல்லாம் ஒரு சலிப்பு. ஆனால் தேதியோடும் காரணத்தோடும் மேசைமேல் இருக்கும் நிலுவையைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. தஹ்ரானில் அந்தச் சுற்றறிக்கையில் மணிக்கணக்கு ஒன்றை எழுதியிருந்தால் போதும்.