எதையும் விற்காத ஒரு மருந்துக்கடை



1955 ஜூலை 17 அன்று அமெரிக்காவில் திறந்த டிஸ்னிலேண்ட் பூங்காவின் பழைய படங்களை மகள் அனுப்பியிருந்தாள். எல்லோரும் கோட்டையைத்தான் பார்ப்பார்கள். என் கண் கடைகளில் நின்றுவிட்டது.

மெயின் ஸ்ட்ரீட் என்ற அந்தக் கடைத்தெரு 1900 வாக்கில் இருந்த சிற்றூர்க் கடைவீதியைப் போலக் கட்டப்பட்டது. வால்ட் டிஸ்னி சிறுவயதில் வாழ்ந்த மார்செலின் ஊரின் சாயல் அதில் உண்டு. கடைகள் பலவற்றை வெளி நிறுவனங்கள் வாடகைக்கு எடுத்திருந்தன. பெண்கள் உள்ளாடைக் கடைகூட இருந்ததாம்! (சில மாதங்களில் மூடிவிட்டார்கள்.)

எனக்குப் பிடித்தது அப்ஜான் மருந்துக்கடை. பழங்கால ஜாடிகள், அதில் உயிருள்ள அட்டைகள். ஆனால் விற்பனையே கிடையாது. வருகிறவர்களுக்கு ஒரு சின்ன வைட்டமின் மாத்திரைப் புட்டி இலவசம். காசில்லாத பிள்ளையும் ஒரு நினைவுப்பொருளோடு வீடு போயிருக்கும். 1970இல் அதுவும் மூடியாயிற்று.

புட்டியின் படத்தைப் பார்த்ததும் நம் மாமல்லபுரம் சுற்றுலா ஞாபகம் வந்தது. எல்லோரும் சங்கும் பாசிமணியும் வாங்க, ஒருவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு பஸ் பக்கத்தில் நின்றான். "எனக்குப் பிடிக்கலை டீச்சர்" என்றான். நானும் நம்பிவிட்டேன்.

தம்பி, இதைப் படித்தால் ஒரு வரி எழுதப்பா.