புது லுக்கில் வெதர் ஆப்: ஆரஞ்சு அலர்ட்டின் நிறமும் மாறிவிடுமா? செயலிகள் எப்படி மறுவடிவமைக்கப்படுகின்றன?

காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் வானிலைச் செயலியைத் திறந்தால், நேற்று மேலே இருந்த மழை நிலவரம் இன்று கீழே போயிருக்கும். பட்டன்கள் உருண்டையாகியிருக்கும், நிறமும் வேறாக இருக்கும். ராத்திரியோடு ராத்திரியாக வந்த அப்டேட்தான் காரணம். இந்த மாற்றத்தை எப்படிச் செய்கிறார்கள்?

ரெடிமேட் பாகங்கள்

பட்டன், கார்டு, பட்டியல் என்று திரையில் தெரியும் எல்லாவற்றையும் புரோகிராமர்கள் முதலிலிருந்து உருவாக்குவதில்லை. ஏற்கெனவே செய்து வைத்த பாகங்களின் தொகுப்பு இருக்கிறது. அதன் பெயர் 'யூஐ காம்பொனென்ட் லைப்ரரி'. கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் கதவு, ஜன்னலை வாங்கி வீட்டில் பொருத்துகிற மாதிரிதான்.

கூகுள் 2014-ல் அறிமுகப்படுத்திய 'மெட்டீரியல் டிசைன்' முறையில் அமைந்த தொகுப்பைப் பல ஆண்ட்ராய்டு செயலிகள் பயன்படுத்துகின்றன. ஆப்பிள் தரப்பில் 2019-ல் 'ஸ்விஃப்ட்யூஐ' வந்தது.

என்ன லாபம்?

வேலை சீக்கிரம் முடியும். விரல் படும் இடம் சுமார் 9 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது போன்ற அளவுகளை மெட்டீரியல் முன்பே வகுத்து வைத்திருக்கிறது. டார்க் மோடு, பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் வசதி ஆகியவற்றுக்கும் இந்தப் பாகங்கள் ஏற்றவை.

சிக்கல் எங்கே?

2021-ல் ஆண்ட்ராய்டு 12-உடன் 'மெட்டீரியல் யூ' வந்தது. வால்பேப்பரின் நிறத்தை எடுத்துச் செயலிகளுக்கும் பூசுவது இதன் சிறப்பு. மற்ற செயலிகளுக்கு இது அழகு. வானிலைச் செயலியில் நிறம் என்பதே ஒரு தகவல்.

இந்திய வானிலை ஆய்வு மையம் 4 நிறங்களைப் பயன்படுத்துகிறது:

பச்சை: எச்சரிக்கை இல்லை
மஞ்சள்: நிலவரத்தைக் கவனித்து வாருங்கள்
ஆரஞ்சு: தயாராக இருங்கள்
சிவப்பு: நடவடிக்கை எடுங்கள்

மெட்டீரியலில் பிழையைக் காட்டும் சிவப்பு, வால்பேப்பருக்கு ஏற்ப மாறாது. ஆனால் எச்சரிக்கைக்கான மஞ்சள், ஆரஞ்சு ஆகியவற்றை வடிவமைப்பாளர்தான் தனியாகச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்க்கும் நிறத்தை மற்ற நிறங்களோடு ஒத்துப்போகும்படி லேசாக மாற்றும் வசதியும் உண்டு. அதை ஆன் செய்தால் ஆரஞ்சு மஞ்சள் பக்கம் சாயக்கூடும். அலர்ட் நிறங்களுக்கு மட்டும் அதைத் தொடாமல் விடுவதே பாதுகாப்பு.

நிறம் மட்டும் போதாது

சிவப்பு, பச்சை வித்தியாசம் தெரியாதவர்களுக்கு இந்த நிறங்கள் குழப்பலாம். அதனால் நிறத்தோடு 'ஆரஞ்சு அலர்ட்' என்ற எழுத்தும் இருந்தாக வேண்டும்.

ஐகானும் அப்படித்தான். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. பெய்தாலே கனமழை. 204.4 மி.மீ.-ஐத் தாண்டினால் அதி கனமழை. இரண்டுக்கும் ஒரே மேகப் படத்தைப் போட்டால், குடை எடுப்பதா, பைக்கை மேட்டில் நிறுத்துவதா என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? பாகங்களை லைப்ரரி கொடுத்துவிடும். எதை முதலில், எவ்வளவு பெரிதாகக் காட்டுவது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

அப்டேட் ஆனதும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். எச்சரிக்கைப் பகுதி எங்கே இருக்கிறது? நோட்டிஃபிகேஷன் ஆன்-ல் இருக்கிறதா? உங்கள் ஊர்தான் காட்டுகிறதா? மழை வருவதற்கு முன்பே இதைச் சரிபார்த்துவிடுவது நல்லது.