கம்பளி வணிகர் கட்டிய குவிமாடம்

இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரில் 'சாந்தா மரியா தெல் ஃபியோரே' என்னும் பேராலயம் இருக்கிறது. அதன் தலைமேல் எட்டுப் பட்டையாக எழுந்து நிற்கும் செந்நிறக் குவிமாடத்தைப் படத்தில் பார்க்காதவர்கள் குறைவு. ஐரோப்பாவுக்குப் போய் வரும் நம் குடும்பங்கள் பலவும் இப்போது அதன் உச்சி வரை ஏறிப் படம் எடுத்து வருகிறார்கள். மொத்தம் 463 படிகள். லிஃப்ட் கிடையாது. ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கி, 'எதுக்கு இந்த வேலை' என்று தோன்றிவிடும். ஆனால் என்ன ஏதென்று தெரிந்துகொண்டு ஏறினால், அந்தப் படிகளே ஒரு பழைய பேரேட்டைப் புரட்டுவது போல இருக்கும்.

வழிகாட்டி நூல்கள் எல்லாம் ஒரே பெயரைத்தான் சொல்கின்றன: பிலிப்போ புருனெல்லெஸ்கி. மேதைதான், சந்தேகமில்லை. ஆயினும் வியாபாரத்திலேயே ஆயுளைக் கழித்த எனக்கு, எந்தப் பெரிய கட்டடத்தைக் கண்டாலும் முதலில் எழும் கேள்வி, 'யார் வீட்டுக் காசு?' என்பதே. பிளாரன்ஸைப் பொறுத்தவரை அதற்கு நல்ல விடை கிடைக்கிறது. காரணம், கட்டியவர்கள் கணக்கு எழுதத் தெரிந்தவர்கள். அந்தக் கணக்கேடுகளில் பெரும்பகுதி இன்றும் பிழைத்திருக்கிறது.

ஆலய வேலை கி.பி. 1296-ல் அர்னோல்ஃபோ தி கம்பியோ என்ற சிற்பியின் தலைமையில் தொடங்கியது. முதலில் ஊர் வரிப்பணத்தில் நடந்தது. பிறகு பணம் வற்றி, வேலை படுத்துவிட்டது. 1331-ல் நகராட்சி இந்தப் பொறுப்பைக் கம்பளி வணிகர் சங்கத்திடம் ஒப்படைத்தது. அவர்கள் மொழியில் 'ஆர்த்தே தெல்லா லானா'. அந்த நாள் வணிகரும் வரலாற்றாசிரியருமான ஜோவான்னி வில்லானி ஒரு சின்ன விஷயத்தைக் குறித்து வைத்திருக்கிறார். ஊரில் ஒவ்வொரு கடையிலும் ஒரு சிறு பெட்டி வைக்கப்பட்டது. விற்றாலும் வாங்கினாலும் 'கடவுள் காசு' என்று ஒரு சிறு தொகை அதில் விழ வேண்டும். தொடக்கத்திலேயே வருஷத்துக்கு 2,000 லீரா சேர்ந்ததாம்.

இதைப் படித்ததும் நம்மவர் யாருக்கும் நினைவுக்கு வருவது மகமைதான். தமிழ்நாட்டு மண்டிகளில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிடித்துக் கோயில், சத்திரம், பள்ளிக்கூடம் நடத்திய வழக்கத்தை நம் முன்னோர் அறிவார்கள். வடக்கே இருப்பவர்கள் பில்லின் அடியில் 'தர்மாதா' என்று ஒரு வரி பார்த்திருப்பீர்கள். கடல் தாண்டிய ஊரிலும் வணிகன் மனசு அப்படியேதான் யோசித்திருக்கிறது. லாபத்தில் பங்கு என்று கேட்டால் கணக்கைக் காட்ட மாட்டான், ஒவ்வொரு கொள்முதலிலும் ஒரு காசு என்றால் தயங்காமல் போடுவான்!

அந்தச் சங்கத்தின் வளம் சாதாரணமல்ல. 1338-ஐ ஒட்டி 200-க்கு மேற்பட்ட கம்பளிப் பட்டறைகள் இருந்தன, ஆண்டுக்கு 70,000 முதல் 80,000 துணிகள் நெய்யப்பட்டன, 30,000 பேருக்கு மேல் அதனால் பிழைத்தனர் என்று அதே வில்லானி எழுதுகிறார். உயர்ந்த ரகக் கம்பளி இங்கிலாந்திலிருந்து வந்தது. ஆர்னோ ஆற்றில் அலசி, நூற்று, நெய்து, சாயமேற்றி, பல தேசங்களுக்கும் அனுப்பினார்கள். சங்கத்தின் முத்திரை, கொடி தாங்கிய ஆட்டுக்குட்டி. பேராலயத்தில் அந்த ஆட்டுக்குட்டியைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கிறிஸ்தவர்களுக்கு அது இயேசுவின் குறி. சங்கத்துக்கோ அது வியாபாரக் குறியும் கூட.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கம்பளியைச் சிக்கெடுத்து வாரிய கூலிக்காரர்களுக்கு அந்தச் சங்கத்தில் இடமில்லை. தங்களுக்கென்று சங்கம் வைக்கவும் அனுமதியில்லை. 1378-ல் அவர்கள் கிளர்ந்தெழுந்து நகர ஆட்சியையே சில வாரங்கள் கையில் வைத்திருந்தார்கள். 'சியோம்பி' கலகம் என்று அதைச் சொல்வர். தங்களுக்கென ஒரு சங்கமும் பெற்றார்கள். அதே ஆண்டில் அது அடக்கிக் கலைக்கப்பட்டது. கடவுள் காசுப் பெட்டியில் விழுந்தது முதலாளியின் கைக்காசுதான், அந்தக் காசு விளைந்தது மட்டும் இவர்கள் முதுகில். வணிகர் புகழை எழுத உட்கார்ந்தவன் இதை விட்டுவிட்டு எழுதினால் அது வரலாறு ஆகாது.

இனி குவிமாடத்துக்கு வருவோம். 1367-ல் நேரி தி ஃபியோரவாந்தே என்பவர் தலைமையில் செய்த ஒரு மாதிரியை ஊரார் ஏற்றுக்கொண்டார்கள். வெளியிலிருந்து முட்டுச்சுவர் எதுவும் கூடாது. குறுக்கே ஏறக்குறைய 45 மீட்டர் அகலம். தரையிலிருந்து சுமார் 170 அடி உயரத்தில்தான் குவிமாடமே ஆரம்பம். இதை எப்படிக் கட்டுவது என்று அப்போது யாருக்கும் தெரியாது! தெரியாமலே அடித்தளத்தையும் தூண்களையும் அந்த அளவுக்கு ஏற்றபடி எழுப்பிக்கொண்டே போனார்கள். குவிமாடத்தைத் தாங்கும் எண்கோணச் சுவர் 1410-களின் நடுவில் முடிந்து, மேலே வானம் திறந்தபடி நின்றது. பேரன் அடைப்பான் என்ற நம்பிக்கையில் பாட்டன் வாங்கிய கடன் போன்ற காரியம் இது. வியாபாரி ஒருவன் தன் கடையில் இப்படிச் செய்தால் பைத்தியம் என்போம். ஒரு சங்கம் கூடிச் செய்தபோது அது வேறாகிவிட்டது.

1418 ஆகஸ்டில் போட்டி அறிவித்தார்கள். பரிசு 200 தங்க ஃப்ளோரின். சிக்கல் எங்கே என்றால், வளைவு கட்ட அடியில் மரச்சட்டம் கொடுக்க வேண்டும். நம்ம ஊர்க் கொத்தனார் 'சென்ட்ரிங்' என்பாரே, அதுதான். இந்த அகலத்துக்கும் உயரத்துக்கும் சென்ட்ரிங் அடிக்க மரம் எங்கே போவது? பொற்கொல்லராகப் பழகிய புருனெல்லெஸ்கி, சென்ட்ரிங்கே வேண்டாம் என்றார். எப்படி என்று கேட்டால் சொல்ல மறுத்தாராம். முட்டையை உடைத்து நிறுத்திக் காட்டினார் என்ற கதை வசாரி எழுதியது. அதைக் கதையாகவே வைத்துக்கொள்வோம். கணக்கேடு சொல்வது வேறு: சங்கம் அவரை முழுசாக நம்பிவிடவில்லை. 1420-ல் அவரோடு லொரென்சோ கிபெர்ட்டியையும் பத்திஸ்தா தந்தோனியோ என்ற தலைமைக் கொத்தனாரையும் சேர்த்தே நியமித்தது. புருனெல்லெஸ்கிக்கும் கிபெர்ட்டிக்கும் ஆண்டுக்கு 36 ஃப்ளோரின் என்று சமச் சம்பளம். வேலை யார் கையில் நடக்கிறது என்று பார்த்த பிறகு, 1426-ல் புருனெல்லெஸ்கிக்கு மட்டும் 100 ஆக்கினார்கள். நல்ல முதலாளி செய்கிற காரியந்தான்.

இப்போது படியேறலாம். முதலில் பெருந்தூண் ஒன்றுக்குள் சுழன்று ஏறும் குறுகிய படிக்கட்டு. இந்தப் படிகள் சுற்றுலாக்காரருக்காக வைத்தவை அல்ல. சாந்துச் சட்டியோடு கொத்தனார்கள் ஏறிய அதே வழிதான் இன்றும் நம் வழி. பாதி உயரத்தில் உட்பக்க நடைபாதைக்கு வருகிறோம். அங்கிருந்து அண்ணாந்தால் கடைசித் தீர்ப்பு ஓவியம், சுமார் 3,600 சதுர மீட்டர் பரப்பு. 1572-ல் வசாரி தொடங்கி, அவர் 1574-ல் இறந்துபோக, ஃபெதெரிகோ சுக்காரி 1579-ல் முடித்தார். நடைபாதைக்குப் பக்கத்தில் இருப்பது நரகக் காட்சி. கீழேயிருந்து நுணுக்கமாகத் தெரிந்த பேய்கள் கிட்டே போனால் முரட்டுத் தீற்றலாக நிற்கின்றன. எனக்கென்னவோ புருனெல்லெஸ்கி கட்டிய சுவர் வெறும் சுவராகவே இருந்திருக்கலாம் என்று பட்டது.

அதற்கு மேலேதான் சங்கதி. குவிமாடம் ஒற்றை ஓடு அல்ல, இரண்டு. உள்ளோடு அடியில் இரண்டு மீட்டருக்கு மேல் தடிமன், வெளியோடு மெல்லியது. வெளியோடு மழைக்கும் அழகுக்கும், உள்ளோடு பாரத்துக்கு. மூலைக்கு ஒன்றாக எட்டு, இடையில் பதினாறு, ஆக 24 விலாச் சுவர்கள் இரண்டையும் பிணைக்கின்றன. நாம் ஏறுவது அந்த இரண்டு ஓடுகளுக்கும் நடுவே உள்ள சந்தில். ஒரு பக்கச் சுவர் சாய்ந்து வந்து தோளை உரசும். உருண்டு திரண்ட உடம்புக்காரர்கள் யோசித்து ஏறுவது நல்லது.

அந்தச் சந்தில் கொஞ்சம் நின்று செங்கல் வரிசையைப் பாருங்கள். படுத்த செங்கற்களுக்கு நடுவே குறிப்பிட்ட இடைவெளி விட்டு ஒரு செங்கல் நெட்டுக்குத்தாக நிற்கும். அடுத்த வரியில் அது கொஞ்சம் நகர்ந்து நிற்கும். மொத்தத்தில் மீன்முள் போல ஒரு கோடு சாய்வாக ஏறிப் போகும். உயரம் போகப் போகச் சுவர் உள்ளே சாய்வதால், சாந்து இறுகும் முன் செங்கல் வழுக்கி விழுந்துவிடும். நிற்கிற செங்கற்கள் அதைத் தடுக்கின்றன. அலமாரியில் புத்தகங்கள் சாயாமல் இருக்க நடுநடுவே முட்டு வைப்போமே, அந்த மாதிரி. ஒரு சுற்று முழுசாகச் சேர்ந்துவிட்டால் அந்த வளையம் தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும். எண்கோணக் கட்டடத்தில் வளையம் எங்கே வந்தது என்றால், உள்ளோட்டின் தடிமனுக்குள்ளேயே ஒரு முழு வட்டம் அடங்கும்படி அளவு வைத்திருக்கிறார்கள். அடிப்பாகம் வெளியே பிதுங்கிவிடாமல், இரும்புப் பட்டையால் பிணைத்த மணற்கல் வளையங்களும் செஸ்ட்நட் மரத்தாலான ஒரு வளையமும் பீப்பாய்க்குப் பட்டை அடித்தது போல இறுக்கிப் பிடிக்கின்றன. மொத்தம் 40 லட்சம் செங்கல்லுக்கு மேல், எடை சுமார் 37,000 டன் என்று கணக்கிடுகிறார்கள்.

வளையம் தன்னைத் தாங்கும் என்ற உண்மை நம் நாட்டுக்குப் புதிதல்ல. ஆபு மலையில் 1031-ல் விமல் ஷா எழுப்பிய ஆதிநாதர் ஆலயத்திலும், 1230-ல் வஸ்துபாலன், தேஜபாலன் சகோதரர்கள் எழுப்பிய நேமிநாதர் ஆலயத்திலும் கல் வட்டத்தின் மேல் சிறிய கல் வட்டமாக அடுக்கி விதானத்தை மூடியிருக்கிறார்கள். அளவில் அவை மிகச் சிறியவை, கற்களும் படுகிடையாகவே வைக்கப்பட்டவை, ஆகவே இரண்டும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் சகோதரர்களும் வணிகத் தொடர்புடைய குடியினரே என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

சமண வழியில் வந்தவன் என்பதால் அந்த வேலையிடத்து மாடுகளின் கதை என் மனசில் தங்கிவிட்டது. கல்லையும் சாந்தையும் மேலேற்ற புருனெல்லெஸ்கி 1420-21-ல் ஒரு பாரந்தூக்கி செய்தார். செக்கு சுற்றுவது போல மாடுகள் சுற்றிச் சுற்றி வரும், கயிறு சுருண்டு பாரம் ஏறும். திரும்ப இறக்க வேண்டுமானால்? மாட்டை அவிழ்த்து எதிர்ப்பக்கம் திருப்பிப் பூட்ட வேண்டும். அவர் அதற்குப் பதிலாக நிலைத்தண்டில் இரண்டு பல்சக்கரங்கள் வைத்து, ஒரு திருகாணியால் தண்டை ஏற்றி இறக்கினாலே கயிறு எதிர்த்திசையில் ஓடும்படி செய்தார். மாடு தன்பாட்டுக்கு ஒரே திசையில் நடந்துகொண்டிருக்கலாம். அவர் நினைத்தது நேரத்தை மிச்சம் பிடிப்பதை. மாட்டுக்கும் கழுத்து வலி கொஞ்சம் குறைந்திருக்கும்.

கொத்தனார்கள் அடிக்கடி இறங்கி ஏறினால் நேரம் வீணாகும் என்று, மேலேயே சாப்பாட்டுக்கும் ஒயினுக்கும் ஏற்பாடு இருந்ததாம். ஒயினில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் கலக்க வேண்டும் என்று உத்தரவு. அவ்வளவு உயரத்தில் சாரத்தில் நிற்பவனுக்குத் தெளிவு வேண்டாமா?

1434-ல் ஒரு வேடிக்கை நடந்தது. கல் தச்சர், மரத் தச்சர் சங்கம், சந்தா கட்டவில்லை என்று புருனெல்லெஸ்கியைப் பிடித்துச் சிறையில் போட்டது! அவர் பொற்கொல்லர் என்ற முறையில் பட்டு வணிகர் சங்கத்து உறுப்பினர். உலகமே வியந்த கட்டடத்தை எழுப்பிக்கொண்டிருந்தவர், எங்கள் சங்கத்தில் இல்லாமல் எப்படிக் கட்டலாம் என்பது தச்சர்களின் வழக்கு. ஆலய நிர்வாகிகள் தலையிட்டு அவரை மீட்டார்கள். வெளியூரில் சங்கம் நடத்திப் பார்த்தவர்களுக்குச் சந்தா வசூலின் அருமை தெரியும், மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை.

1436 மார்ச் 25-ல் போப் நான்காம் யூஜீனியஸ் ஆலயத்தைப் புனிதப்படுத்தினார். அந்த ஆண்டு ஆகஸ்டில் குவிமாடம் முடிந்தது. பதினாறு ஆண்டு வேலை. உச்சியில் இருக்கும் பளிங்கு விளக்குமாடத்தின் வேலை தொடங்கிச் சில காலத்தில், 1446-ல் புருனெல்லெஸ்கி காலமானார். 1471-ல் வெரோக்கியோவின் பட்டறை செப்பு உருண்டையை ஏற்றியபோது அங்கே லியொனார்தோ தா வின்சி இளைஞர். புருனெல்லெஸ்கியின் இயந்திரங்களை அவர் வரைந்து வைத்த படங்கள் இன்றும் இருக்கின்றன. அந்த உருண்டை மின்னலில் விழுந்து, 1602-ல் பெரிதாக வேறொன்று வைத்தார்கள். இன்று நாம் பார்ப்பது அதுதான்.

கடைசிப் பகுதிப் படிகள் உள்ளோட்டின் முதுகின்மேலேயே செங்குத்தாக ஏறுகின்றன. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். அது முடிந்ததும் விளக்குமாடத்தின் அடியில், காற்றில் நிற்கிறோம். சுற்றிலும் ஓட்டுக் கூரைகள், ஆர்னோ ஆறு. இறங்கிய பின் ஆலயத்துக்கு அடியில் பழைய சாந்தா ரெபராத்தா கோயிலின் இடிபாடுகளையும் பார்த்து வரவும். புருனெல்லெஸ்கியின் கல்லறை 1972-ல் அங்கேதான் கண்டெடுக்கப்பட்டது. ஆலயத்தின் அருங்காட்சியகத்தில் அந்த நாள் கப்பிகளும் கருவிகளும் இருக்கின்றன, அதையும் விடக் கூடாது. ஏறுவதற்கு நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். மூட்டு வலிக்காரர்களும் இதய நோயாளிகளும் கீழேயே இருந்துவிடலாம். டிக்கெட் பணம் போய்ச் சேருவது, 1296-ல் வேலையை நடத்தத் தொடங்கிய அதே ஆலயப்பணி அமைப்பான 'ஓபேரா'வுக்குத்தான்.