மதீனாவுக்குப் போன கோச்சி



கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நம் கரையோர ஊர்களில் யாராவது ஹஜ்ஜுக்கோ உம்றாவுக்கோ புறப்பட்டால் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்வார்கள். மாப்புக் கேட்பார்கள். திரும்பி வரும்போது பேரீச்சம்பழம் கொண்டுவந்து பகிர்வார்கள். நாமும் பிஸ்மில்லாஹ் சொல்லி வாயில் போடுவோம். அந்தப் பழம் விளைந்த மதீனா ஒரு பாலைவனச் சோலை. விமானம் வருவதற்கு முன்பு ஒரு சாதாரண மனிதர் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று நாம் அதிகம் யோசிப்பதில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் குறைவு.

இந்தப் பதிவு அந்தப் பாதையின் வரலாறு. சொந்தமாக ஒட்டகமோ வாகனமோ வைத்திருக்க முடியாத ஆட்கள், கூலி கொடுத்து, பத்துப் பேரோடு பதினோராவது ஆளாகப் போன பாதை. கொஞ்சம் நீளம்தான். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் தண்ணீரிலிருந்து தொடங்குவோம்.

நம் கரையைப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவியும் வயலும், நடுவே மணல். அந்த மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் வருகிறது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழேயுள்ள உப்புநீரின் மேல் தங்கி நிற்பதால் கிடைக்கும் தண்ணீர் அது. 2004 சுனாமியில் கடல் கிணறுகளுக்குள் புகுந்தபோது, தப்பிய வீட்டிலும் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போனதை இந்தக் கரை கண்டது. நிலத்தடியில் நல்ல தண்ணீர் எங்கேயோ, ஊர் அங்கேதான். இது நமக்குத் தெரிந்த பாடம்.

பாலைவனச் சோலையும் இதே கணக்குத்தான். மதீனாவைச் சுற்றி ஹர்ரா எனப்படும் கருங்கல் நிலங்கள் இருக்கின்றன. பழைய எரிமலைகள் கக்கிய குழம்பு இறுகியவை அவை. எப்போதாவது பெய்யும் மழை அந்த மேட்டு நிலங்களிலிருந்து வடிந்து வந்து, தாழ்வான சமவெளியின் அடியில் தங்குகிறது. கிணறு வெட்டினால் தண்ணீர், தண்ணீர் இருந்தால் பேரீச்சை, பேரீச்சை இருந்தால் ஊர். யத்ரிப் என்ற பழைய ஊர் அப்படித்தான் உண்டானது.

அந்த ஊரில் ரூமா என்று ஒரு கிணறு. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்த காலத்தில் அதன் தண்ணீர் விலைக்கு விற்கப்பட்டது. காசு உள்ளவருக்குத் தண்ணீர், இல்லாதவருக்குத் தாகம். உஸ்மான் (ரலி) அவர்கள் அந்தக் கிணற்றை விலை கொடுத்து வாங்கி எல்லாருக்கும் பொதுவாக விட்டார்கள். வாங்கியவரின் வாளிக்கும் மற்றவர்களின் வாளிக்கும் அங்கே வித்தியாசம் இருக்கவில்லை. வக்பு என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்டால், இந்த ஒரு கிணறு போதும்.

சோலைக்குள் கிணறு பொதுவானால் மட்டும் போதாது. அங்கே போகும் வழியிலும் தண்ணீர் வேண்டும். இதைப் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் ஸுபைதா. அப்பாஸிய கலீபா ஹாரூன் அர்ரஷீதின் மனைவி, 831இல் மறைந்தவர். கூபாவிலிருந்து மக்கா வரை ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் நீளமான ஹஜ் பாதையில் கிணறுகளும் நீர்த்தொட்டிகளும் தங்குமிடங்களும் அமைய அவர் பெரும் செல்வத்தைச் செலவிட்டார். அந்தப் பாதைக்கு இன்றும் தர்ப் ஸுபைதா என்றே பெயர். மக்காவுக்குத் தண்ணீர் கொண்டுவந்த அவருடைய கால்வாயின் பெயர் ஐன் ஸுபைதா.

மறுபக்கம் வடக்கே டமஸ்கஸிலிருந்து மதீனாவுக்கு ஒரு பாதை. 1326இல் இப்னு பதூதா இந்த வழியாகத்தான் ஹஜ்ஜுக்குப் போனார். பிறகு 1344இல் நம் நாட்டுக்கு வந்து பாவா ஆதம் மலை ஏறிய அதே இப்னு பதூதாதான். தபூக் சோலையில் கூட்டம் 4 நாட்கள் தங்கியதை அவர் எழுதியிருக்கிறார். அங்கே ஊற்றருகே தண்ணீர்க்காரர்கள் எருமைத் தோலால் செய்த பெரிய தொட்டிகளை நிரப்பி வைத்திருந்தார்கள். வசதியுள்ளவர்களுக்குத் தனித் தொட்டிகள் இருந்தன. மற்றவர்கள் ஒரு குறிப்பிட்ட தொகை கொடுத்துத் தங்கள் ஒட்டகத்துக்கும் தோல் பைக்கும் தண்ணீர் பெற்றார்கள். அதற்குப் பிறகு வரும் வனாந்தரத்தை இரவு பகலாக ஓடிக் கடந்து அல்உலா என்ற சோலையை அடைந்தார்கள். அங்கே மறுபடி 4 நாட்கள். உடுப்புத் துவைத்து, மேலதிகமான சாமான்களை அந்த ஊராரிடம் நம்பி ஒப்படைத்துவிட்டுப் போனார்களாம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். புறப்படும் காலம் குறித்தது, தரிப்பிடங்கள் குறித்தவை, கூலி பேசியது, பாதுகாப்புக்கு அரசின் படை. இதற்குப் பெயர் பொதுப் போக்குவரத்துத்தானே? தனி ஆளாகப் போனால் தாகமோ கொள்ளையரோ கொன்றுவிடும் இடத்தில், கூட்டமாகப் போனதால் ஏழையும் போனார். ஆனாலும் டமஸ்கஸிலிருந்து மதீனாவுக்கு 40 நாட்கள் அளவில் ஆகும். வழியில் இறந்தவர்களை அங்கேயே அடக்கிவிட்டுக் கூட்டம் நகர்ந்துவிடும்.

நம் பக்கத்து ஹாஜிகளுக்குக் கடல்தான் வழி. 1869இல் சுயஸ் கால்வாய் திறந்த பிறகு செங்கடலில் நீராவிக் கப்பல்கள் பெருகின. பயணம் சுருங்கியது, கூட்டம் கூடியது. அதோடு ஹாஜிகளைச் சாக்கு மூட்டைபோல் அடுக்கி ஏற்றும் வியாபாரமும் வந்தது. 1880இல் சிங்கப்பூர், பினாங்கு பக்கமிருந்து 900க்கும் மேற்பட்ட ஹாஜிகளுடன் போன ஜித்தா என்ற கப்பலுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியது. கப்டனும் அதிகாரிகளும் பயணிகளை விட்டுவிட்டுப் படகில் தப்பி, கப்பல் மூழ்கிவிட்டது என்று சொன்னார்கள். கப்பல் மூழ்கவில்லை. வேறொரு கப்பல் அதை ஏடனுக்கு இழுத்து வந்தது. உள்ளே ஹாஜிகள் உயிரோடு இருந்தார்கள்! பயணியைச் சரக்காக மட்டும் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

இந்த நிலையில்தான் அந்தக் கோச்சியின் கதை வருகிறது.

1900இல் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத் டமஸ்கஸிலிருந்து மதீனாவுக்கு ரயில் பாதை போட உத்தரவிட்டார். ஐரோப்பிய வங்கிகளிடம் கடன் வாங்குவதில்லை என்று முடிவு. அப்படியானால் காசு? முஸ்லிம் உலகத்திடம் கேட்டார்கள். சுல்தான் தானும் கொடுத்தார். அரச ஊழியர்களின் சம்பளத்தில் பிடித்தார்கள். குர்பான் தோல் விற்ற காசு சேர்ந்தது. எகிப்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் நன்கொடை வந்தது. கொடுத்தவர்களுக்குப் பதக்கம் வழங்கினார்கள். தன் வாழ்நாளில் அந்த ரயிலில் ஏறவே போகாத எத்தனையோ பேர், இன்னொருவர் ஏறட்டும் என்று கொடுத்த காசு அது. வேலையின் பெரும்பகுதியைச் சிப்பாய்கள் செய்தார்கள். தலைமைப் பொறியியலாளர் மைஸ்னர் என்ற ஜெர்மானியர். அல்உலாவுக்குத் தெற்கே மட்டும் முஸ்லிம் பொறியியலாளர்களும் தொழிலாளர்களும் வேலை செய்தார்கள்.

பாதை எப்படிப் போனது என்று பார்த்தால் ஒன்று விளங்கும். 1904இல் மஆன், 1906இல் தபூக், 1907இல் அல்உலா, 1908இல் மதீனா. இப்னு பதூதா சொன்ன அதே சோலைகள்! நீராவி இயந்திரமும் ஒட்டகத்தைப் போலத் தண்ணீர் குடிக்கும். அதனால் ரயில் நிலையங்கள் பல, பழைய ஹஜ் கோட்டைகளுக்கும் கிணறுகளுக்கும் பக்கத்திலேயே அமைந்தன. 1908 செப்டம்பர் 1ஆம் தேதி மதீனா நிலையம் திறக்கப்பட்டது. 1,300 கிலோமீட்டர். 40 நாள் பயணம் 3, 4 நாளாகச் சுருங்கியது.

பிறகு என்ன நடந்தது? 1916இல் மக்காவின் ஷரீப் ஹுஸைன் உஸ்மானியருக்கு எதிராகக் கிளர்ந்தார். 1917, 1918 முழுக்கத் தண்டவாளங்களும் பாலங்களும் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. மதீனாவில் இருந்த பக்ரி பாஷா 1919 ஜனவரி வரை பணியாமல் நின்றார். அவர் போனதோடு மதீனா ரயிலின் காலமும் போனது. ஓடிய காலம் 10 வருடங்களை ஒட்டித்தான். 1960களில் திருத்திக் கட்ட எடுத்த முயற்சியும் 1967 யுத்தத்தோடு நின்றது. மதீனா ரயில் நிலையம் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது.

லோரன்ஸ் என்ற ஆங்கிலேயர் வந்து ரயிலை உடைத்தார் என்று நாம் கதையை அதோடு முடித்துவிடுகிறோம். அது பாதி உண்மை. மீதிப் பாதி நமக்குச் சங்கடமானது. அந்தப் பாதை மக்கா வரை போக வேண்டும் என்பதுதான் திட்டம். அது மதீனாவோடு நின்றதற்கு முக்கியமான ஒரு காரணம், ஹாஜிகளை ஒட்டகத்தில் ஏற்றிப் பிழைத்த கோத்திரங்களின் எதிர்ப்பு. லோரன்ஸ் வருவதற்குப் பல வருடங்கள் முன்னரே, 1908இலேயே, ஹர்ப் கோத்திரத்தார் பாதை வேலையைத் தாக்கினார்கள். ஒட்டகக் கூலியும், கூட்டத்தைப் பத்திரமாகப் போகவிட அரசு கொடுத்துவந்த பணமும்தான் அவர்களுடைய வருமானம். பேரீச்சை விளையாத வனாந்தரத்தில் வேறு என்ன தொழில்? கோச்சி வந்தால் உங்கள் பிள்ளைகள் என்ன சாப்பிடுவார்கள் என்ற கேள்விக்கு அவர்கள் நம்பும்படியான பதில் யாரிடமிருந்தும் வரவில்லை. அவர்களைத் துரோகிகள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. வரலாறு படிப்பவர்கள் அப்படிப் போகக்கூடாது.

நூறு வருடங்களுக்குப் பிறகு, 2018இல், மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையே ஹரமைன் அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது. ஜித்தா வழியாகச் சுமார் 450 கிலோமீட்டர், மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம், இரண்டரை மணித்தியாலத்துக்குள் பயணம். பழைய கோச்சி போகாத மக்காவுக்கு, வேறு திசையிலிருந்து வேறு கோச்சி போய்விட்டது.

இனி நம் பக்கம் திரும்புவோம். இந்தக் கரையிலிருந்து ஒரு காலத்தில் மட்டக்களப்புக்குப் போவதே தோணியும் மாட்டுவண்டியும் சேர்ந்த பயணம். 1924இல் கல்லடிப் பாலம் வந்தது. 1928இல் மட்டக்களப்புக்கு ரயில் வந்தது. அதற்கு முன்பே, 1914 முதல், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடியது. ஆகவே 1928க்குப் பிறகு மட்டக்களப்பில் ரயில் ஏறி, மாகோ சந்தியில் மாறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, தனுஷ்கோடியிலிருந்து மதராஸ், அங்கிருந்து பம்பாய், பம்பாயில் ஹஜ் கப்பல், ஜித்தாவிலிருந்து ஒட்டகமோ மோட்டாரோ என்று டிக்கட் எடுத்து எடுத்தே போகக்கூடிய ஒரு தொடர் இருந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தது.

இன்றும் தனி வாகனம் இல்லாமல் போகலாம். கல்முனையில் பஸ், மட்டக்களப்பில் ரயில், கோட்டையில் இறங்கி 187 பஸ்ஸில் கட்டுநாயக்க, விமானத்தில் ஜித்தா, ஜித்தா விமான நிலையத்துக்குள்ளேயே ஹரமைன் ரயில், மதீனா. உம்றாவுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, வேன் கூலி மிச்சமாவதும் ஒரு காசுதான்.

இந்தத் தொடரில் ரயில் இல்லாத துண்டு நம்முடையது. மட்டக்களப்பில் 1928இல் நின்ற தண்டவாளம் இன்னும் அங்கேயே நிற்கிறது. தெற்கே மாத்தறையைத் தாண்டிப் பெலியத்த வரை 2019இல் பாதை நீண்டுவிட்டது. கல்முனை வழியாகப் பொத்துவில் வரை ரயில் என்ற பேச்சு நம் பக்கத்தில் பல வருடங்களாக உண்டு. மதீனாவுக்கு 8 வருடங்களில் 1,300 கிலோமீட்டர் போட்டார்கள். கல்முனைக்கு வேண்டியது 40 கிலோமீட்டர் அளவு.

அந்தப் பாதையை நாம் கேட்க வேண்டும். தேர்தல் காலத்தில் மட்டும் கேட்டால் போதாது. கேட்கும்போது ஹிஜாஸ் ரயில் தந்த இரண்டு பாடங்களையும் சேர்த்துக்கொள்வோம். ஒன்று, தான் ஏறாத வண்டிக்கும் கொடுக்கும் மனம். ஊரில் எல்லாரும் சொந்த வாகனம் வைத்திருக்கவில்லை. கிளினிக்குக்குப் போகும் மூத்தம்மாவுக்கும், வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கும், வயலுக்குப் போகும் கூலியாளுக்கும் ஒரு டிக்கட்தான் ரூமா கிணற்றின் வாளி. மற்றது, கோச்சி வரும் நாளில் இரவு பஸ் ஓட்டுபவருக்கும் முச்சக்கரவண்டிக்காரருக்கும் என்ன வழி என்பதையும் அன்றே பேசி வைப்பது. ஹிஜாஸில் பேசாமல் விட்டதன் விலையைப் பார்த்தோம்.

ஆசிரியர்களாக இருப்பவர்கள் இதை வகுப்பில் ஒரு தேசப்படத்தோடு சொல்லிப் பாருங்கள். டமஸ்கஸ், மஆன், தபூக், அல்உலா, மதீனா என்று ஐந்து புள்ளி வைத்துக் கோடு போடச் சொல்லுங்கள். பிறகு மட்டக்களப்பு, கல்முனை, பொத்துவில் என்று மூன்று புள்ளி வைக்கச் சொல்லுங்கள். கோடு எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

உங்கள் வீட்டில் பழைய ஹாஜிகளின் பயணக் கதைகள், கப்பல் டிக்கட், கடிதம் ஏதாவது இருந்தால் பத்திரப்படுத்துங்கள். மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். அல்லாஹ் நம் எல்லாருக்கும் அந்தப் பயணத்தை நசீபாக்குவானாக. ஆமீன்.