கரும்பின் உள்ளே ஒரு காவற்படை

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் வழியில் உள்ளது கண்டமங்கலம். அந்தப் பக்கத்துக் கரும்பு உழவர்கள் அஞ்சும் நோய் செவ்வழுகல். தோகை காய்ந்த கரும்பைப் பிளந்தால் உள்ளே செந்நிறம், குறுக்கே வெண்திட்டுகள், புளித்த வாடை. இது ஒரு பூஞ்சையின் வேலை. 1893இல் ஜாவாவில் வெண்ட் என்ற டச்சு அறிஞர் இதை முதன்முதலில் விவரித்தார். 1970களில் கடலூர் ஆராய்ச்சி நிலையம் அளித்த கோ.க. 671 கரும்பு சர்க்கரைச் சத்து மிகுந்தது. உழவர் விரும்பிப் பயிரிட்டனர். பின்னர் அதுவும் இந்நோய்க்கு இரையாயிற்று.

பூஞ்சை புகும்போது கரும்பு வாளாவிருக்கிறதா? இல்லை. தாவரங்களின் தற்காப்பு பற்றிய முதல் தடயம் புகையிலையில் கிடைத்தது. வைரஸ் தாக்கிய இலையில் புதிய புரதங்கள் தோன்றுவதை 1970இல் ஹாலந்திலும் பிரான்சிலும் தனித்தனியே கண்டனர். அவற்றின் பணி 1980களில்தான் விளங்கலாயிற்று. அவற்றுள் சில, கைட்டினேஸ் என்னும் நொதிகள். நண்டின் ஓட்டிலுள்ள கைட்டின் என்ற பொருளே பல பூஞ்சைகளின் செல்சுவரிலும் உண்டு. அச்சுவரை இந்நொதி சிதைக்கிறது.

அப்படியானால் சில கரும்புகள் ஏன் வீழ்கின்றன? கோயமுத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தார் இதை ஆராய்ந்தனர். நோய்க்கு எளிதில் ஆளாகும் இரகமும் கைட்டினேஸைச் சுரக்கிறது. நோயைத் தாங்கும் இரகமோ கூடுதலாகச் சுரக்கிறது. சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாவை இட்டால் இப்புரதங்கள் பெருகுவதையும் கண்டனர்.

ஆனால், நோயுற்ற கரணையை நட்டுவிட்டால் பூஞ்சை முளையோடு உள்ளேயே வளரும். ஆகவே நோயற்ற வயலில் எடுத்த கரணையே உழவரின் முதற்காப்பு.