பிராக் நகரின் பழைய சதுக்கம்: கற்களும் திருச்சபையின் நினைவும்

யோர்தானைக் கடந்த இஸ்ரவேலர் ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துக் கில்காலில் நாட்டினர். பின்வரும் பிள்ளைகள் அவற்றின் பொருளைக் கேட்கும்போது பெற்றோர் விடை கூற வேண்டும் என்பதே அதன் நோக்கம். கல் தானாகப் பேசுவதில்லை. பொருள் கூறுவோர் அதற்குத் தேவை. பொருள் கூறுவோர் மாறும்போது கல்லின் செய்தியும் மாறிவிடுகிறது. இவ்வுண்மையை ஐரோப்பாவில் மிகத் தெளிவாகக் காணக்கூடிய இடங்களுள் ஒன்று, செக் நாட்டின் தலைநகராகிய பிராக் நகரின் பழைய நகர்ச் சதுக்கமாகும்.

திருச்சபை வரலாற்று வகுப்புகளில், ஜான் ஹஸ் லூத்தரின் முன்னோடி என்ற ஒரே தொடருடன் நாம் பொகீமியாவைக் கடந்துவிடுகிறோம். அந்நாட்டில் சீர்திருத்தம் இருநூறு ஆண்டுகள் தழைத்து, பின்னர் ஏறத்தாழ வேரோடு பிடுங்கப்பட்டது என்பதை மாணவர் பலர் அறியார். அவ்வரலாறு முழுவதும் ஒரே சதுக்கத்தில் கல்லாக நிற்கிறது.

1. சந்தையும் நகர மன்றமும்

வில்டாவா ஆற்றின் கரையருகே, வணிகப் பாதைகள் கூடும் இடத்தில், 12ஆம் நூற்றாண்டிலேயே இங்குச் சந்தை இருந்தது. வெள்ளத்திலிருந்து நகரைக் காக்கும் பொருட்டு 13ஆம் நூற்றாண்டில் நிலமட்டம் உயர்த்தப்பட்டது. அதனால் முன்பு தரைமட்டத்தில் இருந்த அறைகள் இன்று நிலவறைகளாக உள்ளன. நகரின் ஒரு காலம் மற்றொரு காலத்தின் கீழ்ப் புதைந்து கிடக்கிறது எனலாம்.

1338இல் லக்சம்பர்க் மரபினனாகிய ஜான் மன்னன் நகர மன்றம் அமைக்க நகரத்தாருக்கு உரிமை அளித்தான். அவர்கள் ஒரு வீட்டை வாங்கி, காலப்போக்கில் அருகிலிருந்த வீடுகளையும் அதனோடு இணைத்துக்கொண்டனர். ஆகவே நகர மன்றம் ஒரே திட்டத்தின்படி எழுந்த கட்டடம் அன்று. ஒட்டி வளர்ந்த வீடுகளின் வரிசை. அதன் கோபுரம் 1364இல் முடிவுற்றது. 1410இல் காடன் ஊரினரான மிக்குலாஷ் என்பவர் அதில் வானியல் கடிகாரத்தை அமைத்தார். சூரியன், சந்திரன் ஆகியவற்றின் நிலைகளை அது காட்டுகிறது. பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட அப்போஸ்தலர் உருவங்கள் மணிதோறும் பலகணிகளில் தோன்றி மறைகின்றன. அவ்வேளையில் எலும்புக்கூடு வடிவிலான சாவு மணி அடிக்கிறது.

1945 மே 8ஆம் நாள், போரின் இறுதி நாட்களில் நிகழ்ந்த எழுச்சியின்போது, நகர மன்றத்தின் ஒரு பகுதி தீக்கிரையாயிற்று. அவ்விடத்தில் என்ன கட்டுவது என்பதைக் குறித்துப் பல போட்டிகள் நடந்தும் எதுவும் கட்டப்படவில்லை. அவ்வெற்றிடமும் இன்று ஒரு நினைவுச் சின்னமாகவே இருக்கிறது.

2. தீன் ஆலயமும் கிண்ணமும்

சதுக்கத்தின் கிழக்கே 80 மீட்டர் உயரமுள்ள இரட்டைக் கோபுரங்களுடன் தீன் ஆலயம் எழுந்து நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டின் நடுவில் கோதிக் முறையில் தொடங்கப்பட்ட ஆலயம் இது. ஆனால் அதன் முகப்பு நேரடியாகச் சதுக்கத்தில் திறப்பதில்லை. முன்னே பழைய பள்ளிக் கட்டடம் மறைத்து நிற்க, அதனூடே செல்லும் குறுகிய வழியாகவே ஆலயத்தை அடைய வேண்டும்.

ஹஸ்ஸுக்கு முன்பே கொன்ராட் வால்டுஹாவுசர், மிலிச் ஆகியோர் குருமாரின் பேராசையைக் கண்டித்து இங்கு அருளுரை ஆற்றினர். ஹஸ் 1402 முதல் பணியாற்றிய பெத்லகேம் சிற்றாலயமும் நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளது. 1415 ஜூலை 6ஆம் நாள் காண்ஸ்டன்ஸ் நகரில் அவர் எரிக்கப்பட்டபின், திருவிருந்துக் கிண்ணம் அவரைப் பின்பற்றியோரின் அடையாளமாயிற்று. குருமாருக்கு மட்டும் உரியதாக இருந்த கிண்ணம் சபையார் அனைவருக்கும் உரியது என்பதே அவர்களுடைய கோரிக்கை. அவர்களுடைய பேராயராகத் தெரிந்தெடுக்கப்பட்ட ரொக்கிட்சானா தீன் ஆலயத்தில் பணியாற்றினார். 1458இல் நகர மன்றத்தில் அரசனாகத் தெரிந்தெடுக்கப்பட்ட ஜார்ஜ் என்பானும் அவர்களைச் சார்ந்தவனே. அவனுடைய சிலையும் பொன்முலாம் பூசிய கிண்ணமும் கோபுரங்களுக்கு இடையே வைக்கப்பட்டன.

எனினும் இவ்வியக்கத்தைக் குற்றமற்றதாகக் காட்டுவது நேர்மையாகாது. ஹஸ்ஸைப் பின்பற்றியோர் துறவி மடங்களை எரித்தனர். படங்களையும் சிலைகளையும் அழித்தனர். தம்முள் தீவிரப் பிரிவின் தலைவராக விளங்கிய ஜெலிவ்ஸ்கி என்ற குருவை 1422 மார்ச் 9ஆம் நாள் இதே நகர மன்றத்திற்குள் அழைத்துத் தலைவெட்டிக் கொன்றதும் கத்தோலிக்கர் அல்லர். கிண்ணத்தை உயர்த்திப் பிடித்த நகரத் தலைவர்களே.

3. இருபத்தேழு சிலுவைகள்

நகர மன்றக் கோபுரத்தின் அடியில், தரைக் கற்களில் 27 வெண்சிலுவைகள் பதிக்கப்பட்டுள்ளன. 1621 ஜூன் 21ஆம் நாள் அங்குக் கொல்லப்பட்டோரின் நினைவு அது.

1609இல் பேரரசன் ருடால்ஃப் பொகீமியச் சீர்திருத்த சபைகளுக்குச் சமய உரிமைப் பட்டயம் அளித்தான். அவ்வுரிமை மீறப்பட்டதாகக் கருதிய பிரபுக்கள் 1618இல் கிளர்ந்தெழுந்தனர். அடுத்த ஆண்டில் ஃபெர்டினாண்டை நீக்கி, கால்வினியராகிய ஃபிரெடெரிக்கை அரசராக்கினர். புதிய அரசரின் குருமார் 1619 டிசம்பரில் பிராக் பேராலயத்திலிருந்த சிலைகளையும் படங்களையும் அகற்றி அழித்தபோது, லூத்தரன் மக்களும் மனம் கசந்தனர். 1620 நவம்பர் 8ஆம் நாள் வெண்மலைப் போரில் அவ்வாட்சி வீழ்ந்தது.

அதன் விளைவே சதுக்கத்தில் நிகழ்ந்த தண்டனை. பிரபுக்கள் 3 பேர், வீரமரபினர் 7 பேர், நகரத்தார் 17 பேர் கொல்லப்பட்டனர். 24 பேரின் தலைகள் வெட்டப்பட்டன, மூவர் தூக்கிலிடப்பட்டனர். உரிமைப் பட்டயத்தைப் பெறுவதில் முன்நின்ற, எழுபது வயதை எட்டிய பூடோவெட்ஸ் அவர்களுள் ஒருவர். மருத்துவப் பேராசிரியர் யெசென்னியஸ், இசையறிஞர் ஹரன்ட் ஆகியோரும் இருந்தனர். தண்டனைக்கு முன் அவர்களைச் சந்திக்க லூத்தரன் குருமாருக்கும் இயேசு சபையாருக்கும் அனுமதி கிடைத்தது. பூடோவெட்ஸ் சார்ந்திருந்த சகோதரர் ஐக்கிய சபையின் ஆயர்களுக்கு அது மறுக்கப்பட்டது. 12 தலைகள் பாலக் கோபுரத்தில் தொங்கவிடப்பட்டன. 1631இல் சாக்சனியர் நகரைக் கைப்பற்றியபோதே அவை இறக்கப்பட்டு, தீன் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன.

இவர்கள் இரத்தசாட்சிகளா, அரசை எதிர்த்த கலகக்காரர்களா? இக்கேள்விக்கு எளிய விடை இல்லை. கொல்லப்பட்டோருள் செர்னின் என்பவர் கத்தோலிக்கர். சமய உரிமையும் பிரபுக்களின் ஆட்சி உரிமையும் அங்குப் பிரிக்க இயலாதவாறு பின்னிக் கிடந்தன. ஆயினும் தண்டனைக்குப்பின் நிகழ்ந்தது ஐயத்திற்கு இடமற்றது. தீன் ஆலயத்தின் கிண்ணம் இறக்கப்பட்டு, அதன் பொன் மரியாளின் உருவத்திற்கு ஒளிவட்டமாயிற்று. 1627இல் கத்தோலிக்க சமயம் ஒன்றே சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. 1628இல் நாட்டை விட்டு வெளியேறிய கொமேனியஸ் 1670இல் அயல்நாட்டிலேயே மரித்தார். மறைவாக எஞ்சிய சகோதரரின் வழிவந்தோர் சிலர் 1722இல் ஹெர்ன்ஹூட்டில் குடியேறினர். அங்குப் புத்துயிர் பெற்ற சபையின் அருள்தொண்டர்களே 1760இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1803 வரை அங்குத் தங்கிப் பணியாற்றினர். அச்சதுக்கத்தின் துயரம் நம் கடற்கரையையும் இவ்வாறு தொட்டுள்ளது.

4. தூணும் சிலையும்

1650இல் பேரரசன் மூன்றாம் ஃபெர்டினாண்ட் சதுக்கத்தின் நடுவே மரியாளின் தூணை நாட்டினான். 1648இல் சுவீடன் படையிடமிருந்து நகரம் காக்கப்பட்டதற்கு நன்றியாக எழுந்தது அது, சிற்பி பெண்டல். 1652 முதல் அத்தூணின் நிழல் நகருக்கு நண்பகலையும் அறிவித்தது. நிழல் விழும் கோடு தரையில் குறிக்கப்பட்டது.

பின்னர் தேசிய உணர்வு வளர்ந்தது. பொதுமக்களின் நன்கொடையால் சிற்பி ஷாலவுன் வடித்த ஹஸ்ஸின் நினைவுச் சின்னம், அவர் எரிக்கப்பட்ட 500ஆம் ஆண்டு நாளில், 1915 ஜூலை 6 அன்று நிறுவப்பட்டது. அரசு விழாவைத் தடை செய்தது. மக்கள் மலர்களால் சிலையை மூடினர். நிமிர்ந்து நிற்கும் ஹஸ்ஸைச் சுற்றி ஒருபுறம் போர்வீரரும் மறுபுறம் நாடு கடத்தப்பட்டோரும் உள்ளனர்.

1918 அக்டோபர் 28ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது. ஆறு நாட்களுக்குப்பின், வெண்மலையில் நடந்த கூட்டத்திலிருந்து திரும்பிய மக்கள் மரியாளின் தூணைக் கயிறிட்டு வீழ்த்தினர். வெண்மலைத் தோல்வியின் வெற்றிச்சின்னம் அது என்று அவர்கள் எண்ணினர். உண்மையில் அது வேறொரு முற்றுகையின் நினைவு. ஹஸ்ஸின் பெயரால் அது வீழ்த்தப்பட்டது. ஹஸ்ஸோ மரியாளைப் போற்றிய குரு! தூண் போனது, நிழலற்ற கோடு மட்டும் தரையில் எஞ்சியது.

நெடிய வழக்காடலுக்குப்பின் 2020இல் சிற்பி வான்யா வடித்த புதிய தூண் அதே இடத்தில் எழுந்தது. ஒரு சாரார் அதை ஒப்புரவாகக் கண்டனர். வேறு சிலர் பழைய ஆதிக்கத்தின் திரும்புதலாகக் கண்டனர். இதற்கிடையில், 1999 டிசம்பரில் போப் இரண்டாம் யோவான் பவுல், ஹஸ்ஸின் கொடிய மரணத்திற்காக ஆழ்ந்த வருத்தம் தெரிவித்திருந்தார்.

5. முடிவுரை

இன்று ஒரே சதுக்கத்தில் ஹஸ்ஸின் சிலையும் மரியாளின் தூணும் 27 சிலுவைகளும் அருகருகே உள்ளன. பரோக் முறையில் கட்டப்பட்ட புனித நிக்கொலா ஆலயம், ஒருகாலத்தில் கத்தோலிக்கத் துறவியருடையதாக இருந்து, 1920 முதல் ஹஸ்ஸின் பெயர் தாங்கிய சபையின் ஆலயமாக விளங்குகிறது. எவரும் மற்றவரை முற்றிலும் அகற்ற இயலவில்லை. முயன்றபோதெல்லாம் ஒரு வெற்றிடமோ, நிழலற்ற ஒரு கோடோ சாட்சியாக நின்றது.

இரத்தசாட்சிகளை நினைப்பது சபையின் கடமை. ஆனால் தன் காயங்களை மட்டும் எண்ணும் நினைவு, பிறர்மேல் கல்லெறியும் கையை எளிதில் வளர்த்துவிடும். தரையிலுள்ள 27 சிலுவைகளைக் காட்டும் ஆசிரியர், அதே கட்டடத்திற்குள் கொல்லப்பட்ட ஜெலிவ்ஸ்கியையும் காட்ட வேண்டும். எரிக்கப்பட்ட ஹஸ்ஸைப் பற்றிக் கூறும் ஆயர், உடைக்கப்பட்ட தூணையும் கூற வேண்டும். நம் சபைகளிலும் ஆலயச் சுவர்களில் கல்வெட்டுகள் உள்ளன. பிரிவுகளின் கதைகள் உள்ளன. அவற்றின் பொருளை நம் பிள்ளைகள் கேட்கும்போது, நமக்கு இழைக்கப்பட்டதை மட்டும் கூறுவோமா, நாம் இழைத்ததையும் கூறுவோமா? யோர்தான் கற்களுக்கு விடை கூறும் பொறுப்பு நம்மிடமே விடப்பட்டுள்ளது.